உதைத்தால் ஓடும்

“இதை யார் உதைச்சது?”

கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தவனிடம் ஸ்க்ரூ அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான். என்ன கோளாறு, எங்கே வாங்கியது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. வந்தவன் ஒரு பட்டதாரி. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எந்தப் பேச்சானாலும் அதை எப்படியாவது உள்ளே நுழைத்துவிடுகிற வயசு. கிராமத்திலிருந்து பஸ் கூரையில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் அது. அறையில் வைத்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துபோகிறது.

“யாரும் உதைக்கலக்கா. நான் டிகிரி முடிச்சவன். இதைப் போய் உதைப்பேனா?”

“டிகிரி முடிச்சவனுக்குக் கால் கிடையாதா?”

அவள் பெட்டியைத் திருப்பி, டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்கிற மாதிரி தகரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். நசுங்கல் இல்லை.

“சரி, நீ உதைக்கல. பஸ்தான் வழி பூரா உதைச்சிருக்கு. விட்டுட்டுப் போ, பாக்கறேன்.”

அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டே இருந்ததை அப்போதுதான் அவன் கவனித்தான். பெரிய இடத்துப் பெண்கள் டீ குடிக்கும்போது விரலைத் தூக்கிக்கொள்வார்களே, அந்த மாதிரி. அந்த விரலின் கதை அவனுக்கு ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. போகவர இருக்கையில், அவள் ஒரு மெஷினைக் கழற்றுகிற நேரத்தில் கொஞ்சம், மாட்டுகிற நேரத்தில் கொஞ்சம் என்று துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. சேர்த்து வைத்தால் இப்படி வரும்.

அப்போது அவளுக்கு ஸ்க்ரூ அக்கா என்ற பேர் கிடையாது. ‘ஏய்’ என்பதுதான் பேர். கீழே கடை, மேலே வீடு. கடையில் டைப்பிங், பிரிண்ட், ஜெராக்ஸ். கட்டியவன்தான் கடைக்கு முதலாளி. வாடிக்கைக்காரர்கள் முன்னால் ‘ஏங்க’ என்று கூப்பிடக் கூடாது, ‘முதலாளி’ என்றுதான் கூப்பிட வேண்டும். மாடிக்குப் போனால் ‘ஏங்க’. எத்தனையாவது படியில் முதலாளி புருஷனாக மாறுகிறார் என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அடி மட்டும் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி விழுந்தது.

முதல் அறை, ஒரு நோட்டீசில் தேதியை மாற்றி அடித்ததற்கு. காதுக்குள் கூவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, தேதியைத் திருத்தி மறுபடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனவர், “முதலாளி கொஞ்சம் கோவக்காரர் போல” என்று சிரித்தார். அன்று மாலையே அவன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரிய எழுத்தில் ஒரு வரியை அடிக்கச் சொன்னான். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்.’ அதை லேமினேஷன் போட்டு அவள் தலைக்கு நேர் மேலே சுவரில் ஒட்டினான். வந்தவர்களெல்லாம் படித்துச் சிரித்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அவள்தானே அடித்தது.

கம்ப்யூட்டர் அணைய ஆரம்பித்தது அதற்குப் பிறகு. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. பாதி வேலையில் திரை கருத்துப்போகும். ஃபேன் சத்தம் நிற்கும். கடை முழுக்க ஒரு அமைதி விழும். அந்த அமைதிக்குத்தான் அவள் பயந்தாள். பின்னாலேயே நாற்காலி நகரும் சத்தம் வரும்.

“என்னத்தடி அமுக்கின?”

“நான் ஒண்ணும் அமுக்கல முதலாளி, தானா—”

“தானா போகுமா? தானா போறதுக்கு அதென்ன உன் அண்ணனா, சொல்லாமக் கொள்ளாமப் போக?”

மேஜைக்கு அடியில் இருந்த பெட்டிக்கு முதல் உதை. தகரம் டமாரென்று அலறும். அடுத்தது அவளுக்கு. முடியைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதுவான். கீழே விழுந்தால் விலாவில் மிதிப்பான். அவன் கையைவிடக் காலை அதிகமாகப் பழக்கியவன். வீட்டில் செருப்புகூடப் போடாதவன், கடையில் மட்டும் தடித்த ஷூவைக் கழற்றியதே இல்லை. ஒருமுறை அவள் முன்பல் ஒன்று கீபோர்டு மேலேயே விழுந்தது. அதை அவள் துடைத்து எடுத்து, எழுத்துகளுக்கு இடையில் ஊறிய ரத்தத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். கீ ஒட்டிக்கொண்டால் அதற்கும் தனியாக அடி வாங்க வேண்டும்.

மூச்சிரைக்க அடித்து முடித்துவிட்டு, அவன் குனிந்து பட்டனை அமுக்குவான். மெஷின் சமர்த்தாக எழுந்து ஓடும்.

“பாத்தியா? சில ஜென்மங்க உதைச்சாத்தான் ஓடும்.”

டீக்கடையில் போய் இதையே பெருமையாகச் சொல்வான். “மத்தவனுக்கெல்லாம் கைராசி. எனக்குக் கால்ராசி.” கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பக்கத்துக் கடை கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார். கண்ணாடி வெட்டுகிற மனிதர். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் அலறல் கேட்டால், கீறிக்கொண்டிருக்கிற கண்ணாடியை அப்படியே நிறுத்திவிட்டு நிற்பார். கை நடுங்கினால் கண்ணாடி கோணலாக உடையும் என்பதற்காக. அதற்குமேல் அவரும் ஒன்றும் செய்ததில்லை.

ஒருநாள் அவளுடைய அண்ணன் வந்தான். லாரி ஓட்டுகிறவன். தங்கச்சியின் வீங்கிய முகத்தைப் பார்த்தான், டீயைக் குடித்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“என்ன இது?”

“கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னா அவருக்குக் கோவம் வந்துடுதுண்ணே.”

“வேலை கெட்டா எவனுக்கும் வரும். என் வண்டி வழியில நின்னா நானும்தான் கிளீனரை அறையறேன். கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா? அந்த மெஷினை மொதல்ல சரி பண்ணுங்க. எல்லாம் தன்னால சரியாயிடும்.”

அண்ணன் போய்விட்டான். ஆனால் அவன் சொன்னது அவளுக்குள் முள் மாதிரி தங்கிவிட்டது. முள் என்றாலும் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. மெஷின் நிற்பதால்தானே அடி? நிற்காமல் ஓடினால்? அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தப் பெட்டிக்குள் எங்கோ தன் உயிர் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினாள்.

முதலாளி கூட்டிவந்த சர்வீஸ்காரன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் திரை கருத்தது. அந்த அடியில் அவள் மயங்கியே போனாள்.

பிறகு அவளே இறங்கினாள். முதலாளி வெளியே வசூலுக்கும் ஆர்டருக்கும் போகிற நேரம்தான் அவளுடைய நேரம். முதலில் சுவர் பிளக்கைச் சந்தேகப்பட்டாள். ஜெராக்ஸ் மெஷின் பிளக்கில் மாற்றிச் செருகிப் பார்த்தாள். அணைந்தது. நடுவில் இருந்த யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்தாள். அப்போதும் அணைந்தது. ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினாள். பலனில்லை. முகத்தில் காயம் மறையத் துணியைச் சுற்றிக்கொண்டு, பின்தெருவில் பழைய கம்ப்யூட்டர்களை உடைத்து விற்கிற கிழவரிடம் போனாள். உடம்பெல்லாம் கிரீஸும் வாயெல்லாம் கெட்ட வார்த்தையுமாக இருக்கிற மனுஷர்.

“பவர் சப்ளை ஒண்ணு வேணும். மாட்டிப் பாத்துட்டுத் திருப்பித் தரேன்.”

“திருப்பித் தர்றதுக்கு இதென்ன கைமாத்துச் சர்க்கரையா?” என்று ஒரு வசவோடு சேர்த்துச் சொன்னார். பிறகு துணிக்குள் தெரிந்த கண்ணைப் பார்த்தார். எரிச்சலோடு ஒரு கம்பிப் பெட்டியை எடுத்து நீட்டினார். “கொண்டு போய்த் தொலை.”

பவர் சப்ளையை மாற்றியும் மெஷின் அணைந்தது. அன்றைக்கும் அடி. ஆனால் அன்று, தரையில் கிடந்தபடி, உதை விழுந்துகொண்டிருக்கும்போதே, அவள் ஒன்றை யோசித்தாள். அணைந்த உடனே பட்டனை அமுக்கினால் மெஷின் வருவதில்லை, வந்தாலும் அடுத்த நிமிஷமே போய்விடுகிறது. இவன் அடித்து முடித்த பிறகு அமுக்கினால் மட்டும் நன்றாக ஓடுகிறது. காலையில் நிறைய நேரம் ஓடுகிறது, மத்தியான வெக்கையில் சீக்கிரம் போகிறது. பெரிய படத்தைத் திறந்தால் உடனே போகிறது.

கன்னத்தைத் தரையில் வைத்தபடியே கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டாள். அடுப்பு மாதிரி கொதித்தது.

மெஷின் ஓடியது உதையால் அல்ல, ஆறியதால். அவளை அடித்து முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, அவ்வளவு நேரம் போதும் அது ஆறுவதற்கு.

மறுநாள் அவன் கிளம்பியதும் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிவிட்டு, மெஷினை ஓடவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஃபேன் ஒழுங்காகத்தான் சுற்றியது. அணைந்ததும் மெதுவாக விரலை விட்டுத் தள்ளிப் பார்த்தாள். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்க வேண்டிய ஹீட் சிங்க், அந்த அலுமினியக் கட்டி, ஆடும் பல் மாதிரி ஆடியது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நாலு பிளாஸ்டிக் காலில் ஒன்று கழுத்தோடு முறிந்திருந்தது. இன்னொன்று ஓட்டையிலிருந்து பிதுங்கி வெளியே நின்றது. தொட வேண்டியதைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி நின்றுகொண்டு ஃபேன் வெட்டியாகக் காற்று வீசிக்கொண்டிருந்திருக்கிறது. சூடு தாங்காமல் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது.

கழற்றி வைத்த தகரத்தைத் திருப்பினாள். ஹீட் சிங்க் தொங்குகிற உயரத்தில், தகரத்தில் குழிகுழியாக நசுங்கல். ஒரு குழியில் ஷூ முனையின் கறுப்பு ஒட்டியிருந்தது. எப்போதோ ஒரு நாள், எதற்கோ விட்ட உதையில் கால் முறிந்திருக்கிறது. அதனால் மெஷின் நின்றது. நின்றதற்காக உதைத்தான். உதைக்க உதைக்க இன்னும் நழுவியது.

அவள் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் வருகிறவரை சிரித்தாள். சத்தம் கேட்டுக் கண்ணாடிக்காரர் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் பேயறைந்த மாதிரி திரும்பிப் போனார்.

கிழவரிடம் கடன் வாங்கிய பவர் சப்ளையைத் திருப்பிக் கொடுத்து, வேறொரு ஹீட் சிங்க் கேட்டாள். பின்பக்கம் இரும்புத் தட்டு வைத்து ஸ்க்ரூவால் இறுக்குகிற வகை. “இதை யானை உதைச்சாலும் அசையாது” என்றார் அவர். பழையதைக் கழற்றி, சூடு கடத்த அடியில் தடவியிருந்து காய்ந்து மண்ணாகிப்போன பேஸ்டைச் சுரண்டித் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்து, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினாள். அன்று முழுக்க மெஷின் நிற்கவில்லை. மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

ஒரு வாரம் கடையில் அலறல் இல்லை. கண்ணாடிக்காரர்கூட வாசலில் நின்று, “என்னம்மா, உங்க பக்கம் சத்தத்தையே காணோம்?” என்றார். மெஷின் சரியாகிவிட்டது என்றாள். முகத்தில் வீக்கம் வடிந்தது. ராத்திரி தூக்கம் வந்தது. அண்ணன் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேள்வித்தாள் வேலை. பெரிய வேலை. எல்லாம் அடித்து முடித்து, பிரிண்டரில் தாள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்த மத்தியானம். முதலாளி நல்ல குஷியில் உள்ளே வந்தான்.

“பாத்தியா, ஒரு வாரமா கழுதை மூச்சுவிடல. கடைசியா குடுத்த உதை சரியான எடத்துல பட்டுருக்கு.”

அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே ஒன்றைச் சாதித்தவள். அந்தச் சந்தோஷம் வாயை மூடவிடவில்லை.

“உதையில்லைங்க. நான்தான் சரி பண்ணேன். இங்க பாருங்க.” பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிப் புது ஹீட் சிங்கைக் காட்டினாள். டிராயரிலிருந்து பழையதை எடுத்து, முறிந்த காலைக் காட்டினாள். “நீங்க உதைச்சு உதைச்சு இது ஒடைஞ்சுபோச்சு. அதான் சூடாகி நின்னிருக்கு. இனிமே நிக்காது.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அறை விழுந்ததில் நாற்காலியோடு சாய்ந்தாள். “எவன்கிட்டடி போய்க் கத்துக்கிட்டு வந்த? எனக்கே பாடம் எடுக்கிறியா? டீக்கடை பூரா என்னைப் பாத்துச் சிரிக்க வைக்கப் பாக்கிறியா?” முடியைப் பிடித்து இழுத்தான். எழ முயன்று டிராயரைப் பிடித்த இடது கை உள்ளே இருக்க, டிராயரை முழங்காலால் இடித்துச் சாத்தினான். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. இன்னொரு தரம் இடித்தான்.

வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் காது திறந்தே இருந்தது. ஃபேன் சீராக ஓடுகிற சத்தம். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் தள்ளுகிற சத்தம். மெஷின் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருக்கிறது. இவனும் அடித்துக்கொண்டே இருக்கிறான்.

கோளாறு பெட்டிக்குள் இல்லை என்று அவளுக்கு அந்த நொடிதான் புரிந்தது.

வலது கையில் பழைய ஹீட் சிங்க் இருந்தது. விடவே இல்லை அதை. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவன் முகத்தில் அறைந்தாள். அலுமினியத் தகடுகள் வரிவரியாகக் கன்னத்தைக் கிழித்தன. அவன் கையால் தடவி, ரத்தத்தைப் பார்த்து, ஒரு கணம் புரியாமல் விழித்தான். அவள் மறுபடி அடித்தாள், புருவத்தில். சிதறிய ரத்தம் கேள்வித்தாள்கள் மேல் விழுந்தது. அவன் கண்ணை மறைத்த ரத்தத்தோடு உறுமிக்கொண்டு, அவள் சத்தம் வந்த பக்கம் பார்த்து, பழகிய காலால் ஓங்கி ஒரு உதை விட்டான்.

அவள் நகர்ந்துவிட்டாள். உதை மெஷினுக்குப் போனது. எப்போதும் தகரம் இருக்கிற இடம்தான். அன்றைக்கு அது திறந்து கிடந்தது. கால் கணுக்காலுக்கு மேல்வரை உள்ளே போனது. வெறியில் வெடுக்கென்று இழுத்தான். வெட்டிய தகர விளிம்பு ஷூவுக்கு மேலே, குதிகால் நரம்பில் இறங்கியது.

மெஷின் அப்போதுதான் நின்றது.

அந்த அமைதியில் அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. பெட்டியைக் காலில் மாட்டிக்கொண்டு கீழே விழுந்து கிடந்தான். “ஏய்! எடுடி! கழட்டிவிடுடி!”

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அவன் பயந்து கையால் முகத்தை மறைத்தான். அவள் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். கண்ணாடிக்காரர் அங்கே நின்றிருந்தார்.

“அவருக்கு ஒரு வண்டி சொல்லுங்கண்ணே. கால் போயிடும் போல.”

“உனக்கும்மா?” என்றார் அவர், அவள் கையைப் பார்த்து.

“நான் நடந்து போவேன்.”

ஸ்டேஷனில் அவன் கொலை முயற்சி என்றான். அண்ணன் வந்து, “என்ன காரியம் பண்ணிட்ட? குடும்பம் பண்ற பொம்பளையா நீ?” என்று தலையில் அடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் கண்ணாடிக்காரர், யாரும் கூப்பிடாமலே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, “எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார். இத்தனை வருஷமா கேட்டதை எல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க” என்றார். சொல்லிமுடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை. விவாகரத்துக்கு மட்டும் இழுத்தடித்தான். அதுவும் முடிந்தது.

பின்தெருக் கிழவர்தான் முதலில் வேலை கொடுத்தார். வசவோடுதான். குவிந்து கிடந்த பழைய பவர் சப்ளைகளில் உயிர் இருப்பது எது, செத்தது எது என்று பிரித்துப் போடுகிற வேலை. கட்டுப் போட்ட கையோடு ஆரம்பித்தாள். கட்டுப் பிரித்தபோது சுண்டுவிரல் மடங்கவில்லை. “அதனால என்ன, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க நாலு விரல் தாராளம்” என்றாராம் அவர். அங்கே கிடைத்த பேர்தான் ஸ்க்ரூ அக்கா.

பட்டதாரியின் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்கின் ஒரு கால் பஸ் குலுக்கலில் நழுவியிருந்தது. அழுத்தி மாட்டி, பேஸ்ட் வைத்துக் கொடுத்தாள். “அடுத்த தடவை மடியில வச்சுக் கொண்டுவா. டிகிரி முடிச்ச மடிதானே, தாங்கும்.” அது இன்றுவரை நிற்கவில்லை.

இப்போது ஸ்க்ரூ அக்கா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். மேலே வீடு கிடையாது, கடை வேறு, வீடு வேறு. பழைய முதலாளி இன்னும் அதே கடையில்தான் இருக்கிறான், வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறான். புது ஆபரேட்டர் ஒரு ஆம்பளை. எடுத்த எடுப்பில் திருப்பி அடிக்கிற உடம்பு. மெஷின் நின்றால் அவனை முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. பேசாமல் ஸ்க்ரூ அக்கா கடைக்கு அனுப்பிவைக்கிறான். அவளும் சரி செய்து கொடுக்கிறாள்.